கூறை மாத்திற நேரம்

அன்ரி, குறை நினைக்காதேங்கோ, நீங்களும் வெளியில நில்லுங்கோ. உந்தக் கோழிக்கூட்டுக்குள்ளை ஆறு பேர் நிண்டா நான் எங்கை நிண்டு சீலையை மடிச்சுக் கொய்யகம் பிடிக்கிறது? இருவது நிமிசம் தாங்கோ, பொம்பிளையைக் கூறையோடை கையில தாறன். ஓமோம், முகூர்த்தம் பன்ரண்டு பத்து மட்டும் கிடக்கெண்டு ஐயரே சொன்னவர், நானும் கேட்டனான்.

அப்பாடா. பூட்டியாச்சு. ஏன் தங்கச்சி அப்பிடிப் பாக்கிறியள்? பூட்டாமல் ஏலாது. போன மாசம் வால்தம்ஸ்டோவில ஒரு கலியாணம். பொம்பிளை பாவாடையோடை நிக்கிறா, வீடியோக்காரன் கதவைத் திறந்துகொண்டு வந்து, அக்கா இஞ்சை பிளக் குத்த இடமிருக்கோ எண்டு கேக்கிறான். ஆ, சிரியுங்கோ. காலமையில இருந்து உங்கடை பல்லை நான் காணேல்லை.

கையைத் தூக்குங்கோ. இந்தச் சீலையை முதல்ல கழட்டுவம்.

மேடைப் பக்கம் நகுலேஸ்வரி அக்கா நிக்கட்டும். பியூட்டி பாலர் அவவின்ரை, படத்தில விழ வேண்டியவவும் அவதான். மாலைக்கு ஊசி குத்துறது, வேர்வை ஒத்துறது எல்லாம் அவ பாப்பா. நான் இந்த அறையை விட்டு அங்காலை வரமாட்டன் எண்டு முதலே சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். ஆனா கூறைத் தட்டத்தைச் சனத்திட்டைக் கொண்டு வரேக்கை இந்தக் கதவடிக்கும் வந்ததல்லே? விடேல்லை, நானும் தொட்டுக் கும்பிட்டனான். தேங்காய்க்கு மேலை சுத்தி வைச்சிருந்திச்சினம் தாலிக்கொடியை. கொஞ்சம் கூடத் தடவிப்போட்டன் போல. தட்டம் கொண்டு வந்த மனிசி முறைச்சுப் பாத்தா. தொடச் சொன்னா தொடவேணும், கொடியைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறாளே, இவள் என்ன நகைக்கடைக்காரியோ எண்டு நினைச்சிருப்பா.

வடிவான கொடி. பதினொரு பவுண் வரும்.

மூச்சை உள்ளுக்கு எடுங்கோ. விடாதேங்கோ. ஆ, இப்ப விடலாம். இறுக்கமோ? கூறை எண்டா இறுக்கமாத்தான் இருக்கும்.

போன கிழமை ட்ரையலுக்கு வந்து படுத்திருக்கேக்கை சொன்னீங்கள், ஞாபகமிருக்கோ? புருவம் எடுக்கிறன், அசையாதேங்கோ எண்டு சொல்லச் சொல்ல, கலியாணம் முடியச் செயின்ற் லூசியாவுக்குப் போறன் அக்கா, அவர் கடையைப் பூட்டிப்போட்டு நாலு நாள் தீவு முழுக்கக் காரில சுத்திக் காட்டப் போறாராம் எண்டியள். அப்ப நான் நூலைப் பல்லில கடிச்சுக்கொண்டு நிண்டதாலை ஒண்டும் சொல்லேல்லை. நானும் அங்கை இருந்தனான், தங்கச்சி. மெய்யாத்தான்! அதே தீவிலதான். ஆறு வருசம். இண்டைக்கு இந்த வேலைக்கு வரவேண்டியவள் வேறை பிள்ளை, தெரியுமோ? நான்தான் நகுலேஸ்வரி அக்காவிட்டைக் கெஞ்சிக் கேட்டு வந்தனான்.

தீவு வடிவோ எண்டு கேக்கிறியளோ? கேக்கவேணுமே! நிமிந்தா மலை, குனிஞ்சா கடல். எங்கை பாத்தாலும் வாழைத்தோட்டம். ஒவ்வொரு குலையையும் நீலப் பையாலை மூடிக் கட்டி விட்டிருப்பாங்கள், பூச்சி அடிக்காமல். கார் வளைவில திரும்பேக்கை பாத்தா, தலையை மூடிக்கொண்டு ஆக்கள் நிரைக்கு நிக்கிற மாதிரி. என்ரை மகள் கோசிகா அதைக் கண்டா என்ரை மடிக்குள்ளை முகத்தைப் புதைச்சுப்போடுவாள்.

தமிழ்ச் சனமோ? நான் இருக்கேக்கை எங்கடை வீடு மட்டும்தான். பத்துக் குடும்பம் இருக்கெண்டவரோ? இருக்கும். நான் இஞ்சை வந்தாப்பிறகு வந்திருப்பினம்.

கொய்யகத்தைப் பிடியுங்கோ, இந்த நுனியை.

எனக்குத் திருச்சியில ஒரு ஹோட்டலிலதான் கலியாணம். ஊரில பத்தாம் வகுப்பு மட்டும் படிச்சுப்போட்டு டென்மார்க்குக்கு வந்தனான், அங்கையிருந்து திருச்சிக்கு. ரெண்டு பக்கத்தாலையும் சேத்து இருவது சனம் இல்லை. ரெஜிஸ்ரேசன் தீவுக்குப் போய்ச் செய்யலாம், அங்கை சுகம் எண்டார் இவர், என்ரை மனிசன். உங்களுக்கும் இன்னும் எழுதேல்லைத்தானே? ம். நினைச்சனான்.

விசாரிக்கேல்லையோ எண்டா, விசாரிக்க ஆரிருந்தது? அப்ப சண்டை, பாதை பூட்டு, இவற்றை ஊருக்குப் போய்க் கேக்க ஏலாது. இப்ப உங்கடை அப்பாவுக்கும் அதுதானே கதை. மாப்பிளையின்ரை ஊர்ச்சனம் முழுக்க முகாமில, முள்ளுக்கம்பிக்குள்ளை. சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கிறதுகளிட்டை, இந்தப் பெடியன் எப்பிடி, குடிப்பாரோ எண்டு ஆர் போய்க் கேக்கிறது? அப்பாவைக் குறை சொல்ல ஏலாது. ஆனா தங்கச்சி, கலியாணமெண்டா ஆரிட்டையாவது விசாரிக்கத்தான் வேணும்.

எனக்கு வாச்சவர் நல்ல மனிசன். குடியில்லை, சிகரெட் இல்லை, கை நீட்டினதில்லை. காலமை எட்டு மணிக்குக் கடை, உடுப்பும் செருப்பும் கண்ணாடிச் சாமானும். ஆறு மணிக்கு வீடு. உங்கடை ஆளுக்கும் உடுப்புக் கடைதானே? ஓம். ஆறு வருசத்தில நான் கண்டது அந்தக் கடையும் வீடும்தான். வெளியில போவம் எண்டு கேட்டா, பாப்பம் எண்டுவார். பிறகு ரெண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஈஸ்ரர் லீவுக்கு, நான் கேக்காமலே, வெளிக்கிடும், தீவைச் சுத்திக் காட்டுறன் எண்டார். நான் நிண்ட நிலையில துள்ளினன். விடியப் புட்டவிச்சு, முட்டை பொரிச்சு, பிள்ளைக்குத் தொப்பி வாங்கி, ஒரு கலியாணத்துக்கு வெளிக்கிடுற மாதிரி.

ஓமோம் அன்ரி! கொய்யகம் பிடிக்கிறன், கலைஞ்சுபோச்சு, திருப்பிப் பிடிக்கிறன்!

கலையேல்லை. சும்மா சொன்னனான். நில்லுங்கோ.

முதல் நாள் கந்தகம் கொதிக்கிற இடத்துக்குப் போனனாங்கள். நிலம் சாம்பல் நிறமா வெடிச்சு, சேறு கொதகொதவெண்டு கொதிக்குது, கூழ் மாதிரி. நாறின முட்டை மணம். வெள்ளைக்காரர் எல்லாரும் படம் எடுக்கினம், இவர் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு சேத்தைப் பாத்தபடி நிக்கிறார். என்னப்பா பாக்கிறியள் எண்டன். இதுக்குள்ளை விழுந்தா எலும்பும் மிஞ்சாதாம் எண்டார். நான் சிரிச்சன். அப்ப எனக்கு அது ஒரு பகிடியாத்தான் பட்டது.

ரெண்டாம் நாள் தெற்காலை ஒரு கெஸ்ற்ஹவுஸ். நடத்திறது மிஸிஸ் பெனடிக்ற் எண்டு அந்த ஊர் மனிசி, பூப்போட்ட சட்டை, நல்ல சிரிப்பு. பாஸ்போட்டை வாங்கிப் பதிஞ்சுபோட்டு என்னட்டைத் தந்தா, நான் பிள்ளையின்ரை உடுப்புப் பாக்குக்குள்ளை வைச்சன். அது எவ்வளவு நல்லதாப் போச்செண்டு பிறகுதான் தெரிஞ்சது. இவரைக் கண்டவுடனை வெல்கம் பாக் எண்டா. திரும்பி வந்திருக்கிறியள், சந்தோசம் எண்டு. பேந்து என்னைப் பாத்தா. சிரிப்பு நிண்டுபோச்சு. இவர் தமிழில சொல்லுறார், இவைக்கு எங்கடை ஆக்கள் எல்லாம் ஒரே முகம், பிழையா விளங்கிட்டா எண்டு.

அங்கை வாற ஆக்கள் எழுதிவிட்டுப் போற ஒரு பெரிய கொப்பி இருந்தது. கோசிகா அதில கீறப் பாக்கிறாள், நான் பறிச்சுப் பழைய பக்கங்களைப் புரட்டினன். எல்லாம் இங்கிலிஸ், பிரெஞ்சு. நடுவில, தங்கச்சி, ஒரே ஒரு பக்கத்தில தமிழ். எனக்குச் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. நல்ல உருண்டையான எழுத்து. நல்ல இடம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டவேணும், நாளைக்கு லைட்ஹவுசுக்குப் போறம் எண்டு எழுதிக் கிடந்தது. தேதி தொண்ணூற்றி ஒன்பதாம் ஆண்டு ஈஸ்ரர். கீழை பேர், ஜெயகௌரி. அதோடை சேத்துப் புருசன்ரை பேர்.

என்ன பேரெண்டு பேந்து சொல்லுறன். ஆடாதேங்கோ, தோளில ஊசி குத்துறன்.

கொப்பியை மூடி வைச்சுப்போட்டுப் பிள்ளைக்குச் சோறு தீத்தினன். ஒரு பேரில கனபேர் இருப்பினம்தானே. அடுத்த நாள் காலமை பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருக்கேக்கை இவர் சொல்லுறார், இண்டைக்கு லைட்ஹவுசுக்குப் போவம்.

தீவின்ரை தெற்கு முனை அது. ஒரு பக்கம் ஒரு கடல், மற்றப் பக்கம் மற்றக் கடல், நடுவில மலை உச்சி. காத்தெண்டா சீலையை உரிஞ்சுகொண்டு போற காத்து. காரைக் கொஞ்சம் கீழை விட்டு, பிள்ளை காருக்குள்ளை இருக்கட்டும் எண்டார். கோசிகாவுக்கு நாலு வயசு. விளிம்படிக்கு வந்தவுடனை, கொடியைக் கழட்டித் தாரும் எண்டார். ஏனப்பா எண்டன். காத்துக்கு அறுந்து விழுந்தா ஆர் இறங்கி எடுக்கிறது, பதினொரு பவுண் எண்டார்.

குளிக்கேக்கையும் கழட்டாத சாமான். கழட்டிக் குடுத்தன். வாங்கி, கொடியைப் பூட்டுற சுரைக்குப் பக்கத்தில கட்டைவிரலாலை தடவிப் பாத்தார். அதில அறுந்த இடத்தைப் பத்தவைச்ச ஒட்டு ரெண்டு இருந்தது. ஒண்டு எனக்குக் கட்டேக்கையே இருந்தது, கேட்டதுக்குத் தட்டான் விட்ட பிழை எண்டவர். மற்றது கோசிகா பல்லு வாற நேரம் இழுத்து அறுத்தது. அந்தத் தீவுத் தட்டான் ஒட்டினதாலை கொஞ்சம் வெள்ளையாத் தெரியும். தடவிப்போட்டுச் சேட் பொக்கற்றுக்குள்ளை வைச்சுப் பொத்தானைப் பூட்டினார். ஆறுதலா. பிறகு அந்த நுனிக் கல்லில ஏறி நில்லும், ஒரு படம் எடுப்பம் எண்டார்.

நான் ஏறப் போனனான், தங்கச்சி. காலும் வைச்சிட்டன். அப்பதான் திரும்பி அவற்றை கையைப் பாத்தன். கையில ஒண்டும் இல்லை. கமரா காருக்குள்ளை, பிள்ளையின்ரை மடியில கிடந்தது.

ஐயோ பிள்ளை சத்தி எடுக்குது எண்டு கத்திக்கொண்டு ஓடினன். பிள்ளையையும் பாக்கையும் தூக்கிக்கொண்டு, அங்கை நிண்ட ரூறிஸ்ற் வானுக்குள்ளை ஏறி, பேபி சிக், பேபி சிக் எண்டன். அவ்வளவுதான் எனக்கு வந்த இங்கிலிஸ். அந்த மலைக்குக் கீழைதான் எயார்போட். இஞ்சை லண்டனில இருந்த அண்ணை ரிக்கற் போட்டார், டென்மார்க் பாஸ்போட் எண்டபடியாலை ஒருத்தரும் மறிக்கேல்லை.

பொலிசுக்கோ? என்னத்தைச் சொல்லுறது? புருசன் கொடியைக் கழட்டச் சொன்னார், படம் எடுப்பம் எண்டார். இது ஒரு குற்றமே? இஞ்சை எங்கடை சனம் எனக்குச் சொன்னது, நல்ல மனிசனை விட்டிட்டு ஓடி வந்தவள், கொடியை வித்துத் திண்டவள் எண்டு. சொல்லட்டும். நான் புருவம் எடுத்துப் பிள்ளையை வளக்கிறன். அவளுக்கு இப்ப ஆறு வயசு, வாய் காதுவரைக்கும்.

அழாதேங்கோ. மை கரைஞ்சா திருப்பி முதல்ல இருந்து போடவேணும். இந்தாங்கோ, ரிசுப் பேப்பராலை ஒத்துங்கோ, தேய்க்காதேங்கோ.

பேரோ? பிரியந்தன். ஜெயகௌரி பிரியந்தன் எண்டு எழுதியிருந்தவ.

என்ரை மனிசனுக்கும் அதுதான் பேர், உங்கடை ஆளுக்கும் அதுதான். ஓம், நானும் அதைத்தான் சொன்னனான், ஒரு பேரில கனபேர் இருப்பினம். மேடையில இருக்கிறவரை இந்தக் கதவடியில தூர நிண்டு பாத்தன், தலைப்பாகையும் மாலையும், இவர்தான் எண்டு ஆளை மட்டுக்கட்ட ஏலாமல் இருந்தது. கிட்டப் போனா அவருக்கு என்னைத் தெரிஞ்சிடும். பிழையான ஆளிலை பழியைப் போடக் கூடாதல்லே. அதுதான் தட்டம் வருமட்டும் காத்துக்கொண்டு நிண்டனான்.

அன்ரி, வந்திட்டம்! கடைசி ஊசி! மேளக்காரரைக் கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்கோ!

இஞ்சை பாருங்கோ. உங்களை நான் இழுத்துக்கொண்டு போகமாட்டன். கூறை வடிவா வந்திருக்கு, கண்ணூறு படப்போகுது. அது ஹோலுக்குப் போற கதவு. இது, பச்சை எழுத்து எரியிறது, கார் விடுற இடத்துக்குப் போற கதவு. வெளியில என்ரை அண்ணை வானோடை நிக்கிறார், திறப்பைக் கையில வைச்சுக்கொண்டு. எதாலை போறதெண்டு நீங்கள் சொல்லுங்கோ, நான் முந்தானையைப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை வாறன்.

தட்டத்தில என்ன கண்டனான் எண்டோ? சொல்லேல்லையே நான்? ஆறுதலாத் தடவிப் பாத்தன், தங்கச்சி, முதல் ஒருக்கா, பேந்து ஒருக்கா. சுரைக்குப் பக்கத்தில முதல் ஒட்டு அப்பிடியே கிடக்கு. கோசிகாவின்ரை வெள்ளை ஒட்டும் கிடக்கு. நான் கழட்டிக் குடுக்கேக்கை ரெண்டுதான்.

இப்ப அதில மூண்டு இருக்கு.