படலைக்கு இந்தப் பக்கம்

இல்லைத் தம்பி, பாலத்தாலயே போங்கோ. சனிக்கிழமையில சுரங்கப்பாதைக்கை மாட்டினமெண்டா மூண்டு மணிக்கும் போய்ச்சேர மாட்டம். அவளின்ரை இலக்கம் பதினாலு. ரெண்டேகாலுக்குக் கூப்பிடுவினம் எண்டு சொன்னவள். இப்ப ஒண்டு பத்துத்தானே? உங்களை அவசரப்படுத்தேல்லை. கெதியாப் போங்கோ எண்டு மட்டும்தான் சொல்லுறன்.

ஒண்டு கேக்கட்டே, கோவியாதேங்கோ. காலமை காருக்குச் சாம்பிராணி காட்டினீங்களோ? அதுதானே பாத்தன். நல்ல பழக்கம், நான் பிழை சொல்லேல்லை. எண்டாலும் உந்தக் கண்ணாடியளை இறக்கிவிடுங்கோ, நாலையும். குளிர் என்னை ஒண்டும் செய்யாது. இந்த மணம் என்ரை உடுப்பில பிடிக்கக்கூடாது, இண்டைக்கு மட்டும்.

மகளிட்டைத்தான் போறன். பிரஷாந்தினி. குதிரையில போட்டி ஓடுறவள். இந்தா, நீங்களும் கண்ணாடிக்குள்ளால என்னைப் பாக்கிறியள், எல்லாரும் அப்பிடித்தான். நீங்கள் றோட்டைப் பாருங்கோ. நோத்ர-டாம்-த-கிரேஸில மூண்டாம் மாடியில இருக்கிற புஷ்பவதியின்ரை பெட்டைக்குக் குதிரை எங்கால வந்ததெண்டுதானே யோசிக்கிறியள். குதிரை எங்கட இல்லை. படிக்கிற காலத்தில லீவுக்கு ஒரு குதிரை லாயத்தில கூட்டிக் கழுவப் போனவள். அந்த லாயக்காரி மதாம் லூசியின்ரை குதிரை அது. கனேல் எண்டு பேர். பிரெஞ்சில கறுவாவாம், நிறமும் அதுதான். நான் கறுவா எண்டுதான் கூப்பிடுவன். முந்தி நான் கூப்பிட்டா காதைத் திருப்பும்.

என்ன ஓட்டமெண்டால், மூண்டு பரலை, அதுதான் பெரிய தகரப் பீப்பாயளை, முக்கோணமா வைச்சிருப்பினம். குதிரை படலையால பாய்ஞ்சு உள்ள போகவேணும், ஒவ்வொரு பரலையும் ஒருக்காச் சுத்தவேணும், திரும்பி அதே படலையால வெளியில வரவேணும். பரல் விழக்கூடாது. பதினாறு பதினேழு செக்கன், முழுக் கூத்தும் அவ்வளவுதான். முதல்நாள் பாக்கப்போய், கைப்பைக்குள்ள மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுக்க முன்னம் எல்லாம் முடிஞ்சுபோச்சு. அதுக்குப் பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வீட்டை விட்டு வெளிக்கிடுறது.

போன செப்டெம்பரில விழுந்தவள். ரெண்டாவது பரலில கறுவா பக்கவாட்டாப் பாய்ஞ்சு, இவள் ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். காறை எலும்பு உடைஞ்சு ஆறு கிழமை கையைக் கட்டிக்கொண்டு திரிஞ்சாள். அவளுக்கு இருவத்திமூண்டு வயசு, எலும்பு ஒட்டீட்டுது. குதிரையின்ரை பயம்தான் போகேல்லை. படலைக்கு முன்னால ஒடுங்கின ஒழுங்கை மாதிரி ஒண்டு இருக்கும். அண்டையிலயிருந்து அதுக்கை கால் வைக்காது. வேர்த்து ஊத்தும், பின்னங்காலில எழும்பும், கண் வெள்ளை தெரியும். மிருக வைத்தியர் வந்து வயித்தில புண்ணோ எண்டு குழாய் விட்டுப் பாத்தார். பல்லைப் பாத்தவை. சேணம் குத்துதோ எண்டு அதையும் மாத்தினவை. ஒரு குறையும் இல்லை. லாயத்தில நிண்ட ஒரு சின்னப் பெட்டையை, நீதான் ஏதோ அடிச்சுப்போட்டாய் எண்டு மதாம் ஏச, அது அழுதுகொண்டு வேலையை விட்டுட்டுப் போட்டுது. கடைசியில என்ரை பிள்ளை சொல்லுது, பிழை என்னிலதானம்மா, நான்தான் கடிவாளத்தை இழுத்துப்போட்டன் எண்டு. எட்டு மாசமாச் சாப்பாட்டு மேசையில இதுதான் கதை.

ஓம், பாலம் தாண்டினா வலப்பக்கம் எடுங்கோ.

பயம் தெளிய வைக்கிறது லேசுப்பட்ட வேலையில்லைத் தம்பி. முதல் ஒரு மாசம் ஓட்டமே இல்லை. படலைக்குக் கிட்டக் கொண்டுபோய், புல்லுக் குடுத்து, தின்ன விட்டுட்டுத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போறது. பேந்து படலையைக் கழட்டிவைச்சிட்டு உள்ளுக்கை நடத்தினாள். ஒரு பரலைச் சுத்த அஞ்சு நிமிசம். குழந்தைக்கு அ, ஆ சொல்லிக்குடுக்கிற மாதிரித்தான். தலையைப் பதிச்சு வாயைச் சப்பிச்சுதெண்டா பயம் விட்டுதெண்டு அர்த்தமாம். அதைக் காணுமட்டும் அந்தப் பனிக்குள்ள கை விறைக்க நிப்பாள். மாசியில ஒரு போட்டிக்கு ஏத்திக்கொண்டு போனாள், ஓடுறதுக்கில்லை. சத்தத்தையும் சனத்தையும் காட்டி, தண்ணி குடிக்க விட்டுட்டு வீட்டை கொண்டுவந்தாள். அப்பிடி நாலுதரம். நான் என்ரை அவரிட்டைச் சொன்னன், எங்கட சனத்தின்ரை கலியாணவீடுகளுக்கும் இப்பிடித்தானே உங்களைக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு. மனுசன் சிரிக்கேல்லை.

இண்டைக்குத்தான் உண்மையான ஓட்டம். இலக்கம் கூப்பிட்டு ஒரு நிமிசத்துக்குள்ள குதிரை உள்ள போகவேணும், போகாட்டிக் கழிச்சுப்போடுவினம். மதாம் ஒரே சொல்லில சொல்லிப்போட்டா. இண்டைக்குப் போகேல்லையெண்டா வாற கிழமை கறுவா ஏலத்துக்கு. வயசும் பதிமூண்டு, ஆரும் துணிஞ்சு ஏறவும் ஏலாது. அப்பிடியான குதிரை ஏலத்தில ஆரின்ரை லொறியில ஏறுமெண்டு என்னட்டைக் கேக்காதேங்கோ, என்ரை வாயால சொல்லமாட்டன்.

நானோ? நான் தை மாசத்தோட லாயத்துப் பக்கம் போறதை விட்டுட்டன். முழங்கால். பனிக்குள்ள நடக்கேலாது. ஓம், உங்கட காருக்கு மூண்டு மாடி இறங்கி ஓடித்தான் வந்தனான். இண்டைக்குக் கொஞ்சம் சுகம். நீங்கள் எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறியள் போல.

அவளுக்கு என்னில மனவருத்தம். தன்னை விழுத்தினதெண்டு அம்மாவுக்குக் குதிரையில கோவம் எண்டு நினைக்கிறாள். இண்டைக்கு விடிய வாசலில சேணத்தைத் தூக்கிக்கொண்டு நிண்டு கேட்டாள், அம்மா ஒருக்கா வந்து நில்லுங்கோ, நீங்கள் நிண்டா எனக்குப் பயம் தெரியாது எண்டு. நான் முழங்காலைத் தடவிக்கொண்டு நிண்டன். சேணத்தோட படியிறங்கிப் போட்டாள். பேந்து வீட்டில இருக்கேலாமல்தான் உங்களுக்கு ஃபோன் அடிச்சனான்.

இதோ, இந்த உள்ளங்கைத் தழும்போ? அது சட்டி சுட்டது. அடுப்படியில.

மெதுவா, மெதுவா. கிட்டப் போகவேண்டாம். அந்த வெள்ளைக் கூடாரத்துக்குப் பின்னால விடுங்கோ. கம்பத்தில கொடி எந்தப் பக்கம் அடிக்குது? எங்கட பக்கமோ? அப்ப காத்து அங்கயிருந்து இஞ்சை வருது. நல்லது, இதிலயே நிப்பாட்டுங்கோ. இப்ப கண்ணாடியளைச் சாத்துங்கோ. எனக்குப் பக்கத்தில ஒரு நீக்கல் மட்டும் விடுங்கோ, அறிவிக்கிறது கேக்கவேணும். பிரெஞ்சில மற்றது என்னவெண்டாலும் இலக்கம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஜான்-டலோன் சந்தையில மரக்கறிக் கடையில பன்ரண்டு வருசம் நிண்டனான்.

இறங்கேல்லைத் தம்பி, கதவைத் திறக்காதேங்கோ. இஞ்சையிருந்து வடிவாத் தெரியுது. நெத்தியில ஒண்டையும் காணேல்லையெண்டு பாக்கிறியளோ? இண்டைக்குத் திருநீறும் பூசேல்லை, விளக்கும் வைக்கேல்லை. சாமி கோவிக்கமாட்டார், அவருக்கு விசயம் தெரியும்.

பன்ரண்டாம் நம்பர் போகுது. என்ன வேகமெண்டு பாருங்கோ. அடுத்தது பதிமூண்டு, அந்தக் கறுப்புக் குதிரை. பரலைத் தட்டிப்போட்டுது, பாவம். இப்ப பதினாலு. அந்தா அவள், நீலச் சட்டை. கறுவா எவ்வளவு மெலிஞ்சுபோச்சு. எனக்குக் கை குளிருது தம்பி, அந்தச் சூட்டைக் கொஞ்சம் போடுங்கோ. வேண்டாம், சத்தம் கேக்காது, நிப்பாட்டுங்கோ.

நிண்டுட்டுது. ஒழுங்கை வாசலில நிண்டுட்டுது. பின்னுக்குப் போகுது. அடிக்கமாட்டாள், என்ரை பிள்ளை அடிக்கமாட்டாள். கடிவாளத்தைத் தளர்த்திறாள் பாருங்கோ. அவள் மூச்சை விடுறாள், அதுவும் விடவேணும் எண்டு. எத்தினை செக்கன் போச்சுது? எண்ணினீங்களோ? முப்பதோ? மதாம் அந்தா வேலியில கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறா. உங்கட கண் இளங்கண், ஒருக்காச் சொல்லுங்கோ, வாயைச் சப்புதோ? வடிவாப் பாருங்கோ, தலை பதியுதோ? பதியுதோ?

போட்டுது. போட்டுது தம்பி, உள்ள போட்டுது. முதலாவது பரல் சுத்தீட்டுது. ரெண்டாவது, இதிலதான், இதிலதான் அண்டைக்கு. தாண்டீட்டுது. விழேல்லை, ஒண்டும் விழேல்லை. மூண்டும் முடிஞ்சுது, வருது, படலையால வெளியில வருது. எத்தினையாம்? இருவத்தொண்டோ? இருவத்தொண்டு செக்கன். கடைசியாத்தான் வரும். வரட்டும், கடைசியா வரட்டும். மதாம் கையைத் தட்டுறா, கண்டனீங்களோ?

நான் எப்ப வெளியில இறங்கினனான்? ஐயோ, கதவைத் திறந்து வந்து நிக்கிறன், எனக்கே தெரியேல்லை. என்னைக் கண்டிட்டாள் தம்பி. கையைக் காட்டுறாள். குதிரையையும் பிடிச்சுக்கொண்டு இஞ்சைதான் வாறாள். இந்தா ஏறீட்டன், கதவைச் சாத்தியாச்சு. காரை எடுங்கோ. ஏன் பாத்துக்கொண்டிருக்கிறியள், எடுங்கோ எண்டுறன்.

ஏனெண்டோ கேக்கிறியள்? நீங்கள் மட்டக்களப்பெண்டு சொன்னனீங்கள்தானே. உங்கட பக்கமும் கண்ணூறு கழிப்பினம். செத்தல் மிளகாய் மூண்டு, ஒரு பிடி உப்பு, கற்பூரம். விழுந்த அண்டைக்கு, ஓட்டத்துக்கு முன்னம், அவள் இலக்கம் எடுத்துக்கொண்டு வரப் போயிருந்தாள். நான் கறுவாவின்ரை கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். போறவாற வெள்ளைக்காரர் எல்லாம் என்ன வடிவான குதிரை எண்டு பாத்துக்கொண்டு போகினம், எனக்கு மனம் கேக்கேல்லை. மூண்டுதரம் சுத்தி, பால்மாப் பேணி மூடியில போட்டுக் கொளுத்திப்போட்டன், அதின்ரை மூஞ்சைக்குக் கீழ. உப்பு வெடிச்சுது, புகை முழுக்கக் கண்ணுக்கையும் மூக்குக்கையும். கயித்தை அறுத்துக்கொண்டு போகப் பாத்துது. இந்தத் தழும்பு அந்தக் கயிறு இழுத்ததுதான். அவள் வரேக்க மூடியைக் காலால குதிரை ஏத்திற வண்டிலுக்குக் கீழ தள்ளிவிட்டன். என்னம்மா கறுவாவுக்குக் கண் கலங்குது எண்டு கேட்டாள். தூசி எண்டன். ஓடாதை பிள்ளை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அவள் ஏறியிருக்கமாட்டாள். தையில நான் லாயத்துக்குப் போக, என்னைக் கண்டோண்ண மூலைக்கை போய் நிண்டு நடுங்கிச்சுது. கூரையால பனி சரிஞ்ச சத்தம் எண்டாள் இவள். எனக்குத் தெரியும் என்னெண்டு.

மிளகாய் கமறாட்டித்தானே கண்ணூறு இருந்ததெண்டு சொல்லுறது. அண்டைக்கு நல்லாக் கமறினது தம்பி. ஒருத்தற்றை கண்ணும் படேல்லை.

ஃபோன் அடிக்குது. அவள்தான். கொஞ்சம் பொறுங்கோ, காரை எடுக்கவேண்டாம். நிப்பாட்டுங்கோ. பிள்ளை, அதில நில்லு, கிட்ட வராதை. கறுவாவை மதாமிட்டைக் குடுத்திட்டு நீ தனிய வா. ஓம், கண்டனான், எல்லாம் கண்டனான். இல்லைப் பிள்ளை, நீ வா, இருந்து சொல்லுறன். இல்லை, முழங்கால் நோகேல்லை. அது ஒருநாளும் நோகேல்லை.