ராவிரியைக் கேட்டு வந்தவர்கள்

மிரியமா: ஹுஹானா அண்ணி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க. சவப்பெட்டியையே மறைக்கிறீங்க.

ஹுஹானா: என் தம்பி ராவிரியோட பெட்டிதானே? சாயங்காலம் எங்க வண்டியில ஏறப்போற பெட்டி.

மிரியமா: ஏறும், ஏறும்... என்கூட இத்தனை வருஷம் இந்தக் கடற்கரையில வாழ்ந்த மனுஷன். இங்கதான் புதைப்போம்.

ஹுஹானா: அதை உங்க ஆளுங்க முற்றத்துல எந்திரிச்சு சொல்லட்டும். எங்க சித்தப்பா பேசுறது கேக்குதா? வம்ச வரலாறு சொல்லி இப்பதான் ஏழாவது தலைமுறைக்கு வந்திருக்கார்.

மிரியமா: அவர் நம்ம காலத்துக்கு வர்றதுக்குள்ள மண்ணடுப்புல பன்னிக்கறி கருகிடும்.

ஹுஹானா: கருகட்டுமே. ரெண்டு பக்கமும் ஒத்துக்கிற வரைக்கும் பேச்சுதான். என் தம்பி என்ன, கேக்க நாதியில்லாதவனா?

மிரியமா: ஆமா... உயிரோட இருந்தப்ப எட்டிக்கூடப் பாக்கல. இப்ப பாசம் பொத்துக்கிட்டு வருதாக்கும்!

ஹுஹானா: அது அண்ணன் தம்பி சண்டை. நான் என்ன பண்ணட்டும்... ஏய், உங்க பக்கம் யாரு எந்திரிக்கிறது?

மிரியமா: எங்க அண்ணன். ஐயோ... ஏன் தலையாட்டுறார்?

ஹுஹானா: சித்தப்பா அழுதுட்டாருல்ல. உங்க அண்ணன் உருகிட்டார். “நியாயம்தான்”ங்கிறார்!

மிரியமா: அண்ணி... குடுத்துடுவாங்க போலிருக்கே. உங்க ஊர் எங்க இருக்கு, நான் எங்க இருக்கேன்... நினைச்சப்ப அவர் பக்கத்துல போய் உட்கார முடியுமா?

ஹுஹானா: அழாதே. கையை விடு, எந்திரிக்கணும்.

மிரியமா: எதுக்கு?

ஹுஹானா: பாட.

மிரியமா: சித்தப்பா இன்னும் முடிக்கலியே! நீங்க பாட ஆரம்பிச்சா அவர் பேச்சை நிறுத்தியாகணுமே, உங்க பக்கம் கேக்குறது அதோட முடிஞ்சதுன்னு ஆயிடுமே...

ஹுஹானா: தெரியும்.

மிரியமா: ஐயய்யோ, ஆரம்பிச்சுட்டீங்களே!

ஹுஹானா: ...அப்பாடி. நகரு. தொண்டையே கட்டிக்கிச்சு.

மிரியமா: சித்தப்பா திறந்த வாயோட உட்கார்ந்துட்டார். முறைக்கிறார் பாருங்க.

ஹுஹானா: முறைக்கட்டும். உங்க அண்ணன் என்ன சொல்றார்?

மிரியமா: “கூடப் பொறந்த அக்காவே பாடி முடிச்சுட்டாங்க. அவர் இங்கேயே இருக்கட்டும். அடுத்த வருஷம் அவர் படத்தைத் தூக்கிக்கிட்டு நாங்க உங்க ஊருக்கு வர்றோம்”ங்கிறார்... அண்ணி, உங்க ஆளுங்களும் சரிங்கிறாங்க!

ஹுஹானா: ம்.

மிரியமா: ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க? ஊர்ல உங்களைச் சும்மா விடுவாங்களா?

ஹுஹானா: ஷ்... காதைக் கொடு. முந்தாநாள் போன்ல அழுதுக்கிட்டே என்ன சொன்னே? “அவரைக் கேட்டு யாருமே வரலேன்னா அவருக்கு அவமானம் அண்ணி, எல்லாரையும் கூட்டிட்டு வந்து சண்டை போடுங்க”ன்னே. வந்தோம், போட்டோம். ஜெயிக்கவா சொன்னே?