காலி அட்டைகள்

இருங்க சிஸ்டர், அந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் கீழ வைங்க. எட்டாம் நம்பர் கட்டிலுக்குத்தானே, என் வீட்டுக்காரருக்கு? நாலு மாத்திரையும் ஒரே வேளைக்கா? ஆமா, எங்க டாக்டரு எழுதின சீட்டுல அப்படித்தான் இருக்கு. காலையில அந்தச் சீட்டை உங்க கையில குடுத்ததே நான்தானே.

ஐயோ, தடுக்கலைம்மா. பிரஷர் இறங்கினாத்தான் நாளைக்குக் கால்ல ஆபரேஷன்னு பெரிய டாக்டர் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. உக்காரவே முடியலை, அதான் எந்திரிச்சு எந்திரிச்சு வர்றேன்.

அவரு பெயிண்டரு. மூணு மாடிக்குச் சாரம் கட்டி ஏறுவாரு. பிரஷருக்கு மொதல்ல ஒரே ஒரு மாத்திரைதான் எழுதினாங்க. குறையலைன்னு ரெண்டாவது, அப்புறம் மூணு, இப்ப நாலு. ஒண்ணு ரத்தக்குழாயைத் தளத்துமாம், ஒண்ணு உப்பை வெளியேத்துமாம், சேந்து போட்டா ஒண்ணுக்கொண்ணு தோள் குடுக்குமாம். டாக்டரு பாவம், படமெல்லாம் வரைஞ்சு சொன்னாரு. இந்த மனுஷன் மண்டைய மண்டைய ஆட்டிட்டு வந்துட்டாரு.

அவரு அண்ணனும் இதே தொழில்தான். பிரஷர் மாத்திரை ஆரம்பிச்ச வாரமே தலை சுத்திச் சாரத்துலேருந்து விழுந்தாரு. பொழைக்கலை. அன்னையிலேருந்து மாத்திரைன்னாலே இவருக்கு எமன்தான்.

எங்க பொண்ணு இருக்காளே, சரியான போலீஸு. வாராவாரம் வந்து மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாப்பா. ஒண்ணு மிச்சம் இருந்தாலும் அப்பனுக்கும் மகளுக்கும் வீடு ரெண்டாயிடும். நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது யாரு? நான்தான்.

போகாதீங்க சிஸ்டர், போகாதீங்க! சொல்லிடறேன். இதைச் சொல்றதுக்குள்ள எனக்கே பிரஷர் பாக்கணும் போல இருக்கு.

அவரு ஒண்ணைக்கூட வாயில வச்சதில்ல. தெனம் காலையில நானே பிதுக்கி எடுத்து, சிங்க்ல போட்டுத் தண்ணியத் தெறந்து விட்டுடுவேன். எனக்கும் உள்ளூரப் பயம்தான், அண்ணனுக்கு ஆன மாதிரி ஆயிட்டா? காலி அட்டையைப் பாத்துப் பொண்ணுக்கு நிம்மதி. அதே அட்டையைப் பாத்துத்தான் டாக்டரும், இவ்வளவு போட்டும் குறையலையேன்னு ஒண்ணொண்ணாக் கூட்டினாரு. ரெண்டு வருஷமா எங்க வீட்டுச் சாக்கடைக்குத்தான் பிரஷர் கட்டுப்பாட்டுல இருக்கு. கடைசியில மாத்திரை போடாமலே தலை சுத்தி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாரு.

இப்ப பயந்துபோய், எத்தனை குடுத்தாலும் முழுங்கறேங்கறாரு. நாலும் மொதத் தடவையா ஒண்ணா உள்ள போனா அந்த உடம்பு தாங்குமா? டாக்டரைக் கூப்பிடுங்க சிஸ்டர். அதோ, பொண்ணும் வர்றா. வரட்டும், அவ முன்னாடியே சொல்லிடறேன்.