நாற்பது அடியில் பெருத்த துளிகள்

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, தொழிற்சாலைத் தோழர்களே! நான் சொல்லப்போவதை உங்களில் ஒருவர்கூட நம்பப்போவதில்லை. இந்த மைக்கின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்.

மறைந்த நம் துளி அண்ணன் துளி அளந்தவர். என்ன துளி? தீக்காயக் களிம்புக்காக எண்ணெயையும் தண்ணீரையும் தொட்டியில் ஊற்றி நான் கலக்குகிறேனே, அதற்குள் மிதக்கும் எண்ணெய்த் துளி. மயிரிழையை ஐந்தாகப் பிளந்தால் ஒரு பங்கு இருக்குமே, அவ்வளவுதான் பருமன்!

அவர் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தால் ஆயிரம் நிலாக்கள் ஒரே வானத்தில் மிதந்து வரும். மூன்று கோடித் துளிகளும் அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும்! "இது நேத்து வந்தவனோட தம்பி" என்பார். பார்க்கப் பார்க்க அவரும் மெல்ல மிதக்கத் தொடங்கிவிடுவார். ஸ்டூலுக்கும் அவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான்.

மோட்டார் சத்தத்தில் நிலாக்கள் நடுங்குகின்றன என்று, மைக்ரோஸ்கோப்பைத் தொட்டியிலிருந்து நாற்பது அடி தள்ளி, நடையின் கோடியில் இருந்த அமைதியான அறைக்குக் கொண்டுபோனார். வந்தது வினை. அன்று முதல் துளிகள் பெருத்துவிட்டன. துளி பெருத்தால் டப்பாவிலேயே எண்ணெய் வேறு, தண்ணீர் வேறாகப் பிரிந்துவிடும். யாரைக் கேட்பார்கள்? கலக்குகிறவனைத்தானே!

"தொட்டியக் கலக்குறியா, இல்ல தாலாட்டுறியா?" என்று அண்ணனே கேட்டுவிட்டார். மோட்டாரை முடுக்கினேன். மேலும் முடுக்கினேன். தொட்டி போட்ட ஆட்டத்தில் கட்டடமே இரண்டடி நகர்ந்தது! துளி மட்டும் இறங்கி வரவில்லை. மூன்று மாதம் இப்படிப் போனது. என்னை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள்.

அந்த வாரம் அண்ணனுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. சாம்பிள் சீசாவோடு நொண்டி நொண்டிப் போனார். அன்று துளி இன்னும் பெரிது. அவருக்கு ஏதோ உறைத்தது. மைக்ரோஸ்கோப் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு, அதே தொட்டியிலிருந்து இன்னொரு சீசா எடுத்து ஓடி வரும்படி காவலாளியை அனுப்பினார். துளி சிறுத்துவிட்டது!

அவர் என்ன செய்திருக்கலாம்? மைக்ரோஸ்கோப்பைச் சத்தமில்லாமல் பழைய இடத்தில் வைத்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் நொண்டியபடியே அன்றைய மேலாளரின் அறைக்குப் போனார். நானும் அங்கேதான் கைகட்டி நின்றிருந்தேன்.

"ஐயா, தொட்டியில துளி சரியாத்தான் இருக்கு. கலக்குறது நின்னு, நான் நடந்து வர்றதுக்குள்ள ஒன்னோட ஒன்னு சேந்து பெருத்துடுது. தப்பு என் நடையில. அந்தக் கடிதத்துல என் பேர எழுதுங்க."

மேலாளர் அவர் காலைப் பார்த்தார். பிறகு கடிதத்தைக் கிழித்தார். கிழிந்த துண்டுகள் வெண்புறாக்களாகி ஜன்னல் வழியே பறந்தன!

தோழர்களே, அன்றே தொட்டியருகே திரும்பி வந்த அண்ணனின் ஸ்டூல் இனியும் அங்கேயே இருக்கும். துளியை அங்கேயே அளப்போம். அளவு பிசகினால் முதலில் அளந்தவனைக் கேட்போம், பிறகுதான் கலக்கியவனை. இது உறுதி.

அண்ணி, உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அவர் மிதந்ததும், கட்டடம் நகர்ந்ததும், புறாவும் என் கைச்சரக்கு. தன் பெயரை எழுதச் சொன்னாரே, அந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம்.