வரப்பு மேல நிக்கிற தைராய்டு

— எழுதிக்குங்க டாக்டரம்மா, அறுபத்தோரு வயசுல இந்த மருதையன் அப்பனாகப் போறான்! அதுவும் ஒண்ணு இல்ல, ரெட்டைப் புள்ள!

— ஏங்க, மானத்த வாங்காதீங்க! டாக்டர், இவரு பேச்சக் காதுல போட்டுக்காதீங்க. ரிட்டயர் ஆனதுலேர்ந்து இப்படித்தான். நான் தைராய்டு ரிப்போர்ட்டக் காட்டத்தான் தஞ்சாவூர் வந்தேன்.

— உக்காருங்க தங்கம்மாள். அய்யா, நீங்களும். தைராய்டைத் தூண்டுற டி.எஸ்.ஹெச். ஆறு புள்ளி எட்டு இருக்கு. நாலரை வரைக்கும் நார்மல். ஆனா தைராய்டு ஹார்மோன் சரியான அளவுலதான் சுரக்குது. இதத்தான் பார்டர்லைன்னு சொல்லுவோம்.

— பார்டரா? அட, அது நம்ம டிபார்ட்மெண்ட்! நான் சர்வேயரா இருந்தவன் டாக்டரம்மா. நான் எல்லைக்கல்லு ஊனுனா காவேரியே ஒதுங்கிப் போகும். வரப்பு மேல நிக்கிற ஆளு என்னைக்காவது ஒரு பக்கம் விழுந்துதான் ஆகணும். மாத்திரைய எழுதுங்க.

— வேணாம் டாக்டர். ஆயுசுக்கும் மாத்திரை முழுங்க என்னால ஆகாது.

— அம்மா சொல்றது சரிதான் அய்யா. வரப்பு மேல நிக்கிற எல்லாரும் விழமாட்டாங்க. நெறைய பேருக்கு அதுவாவே எறங்கிடும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். பத்தைத் தாண்டினா மாத்திரை. தேவையில்லாமக் குடுத்து அளவு கூடிட்டா நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும்.

— கேட்டுக்கிட்டீங்களா சர்வேயரே?

— இரு தங்கம். பத்துக்குள்ள இருந்தா யாருக்குமே கிடையாதா டாக்டரம்மா?

— உண்டு. அசதி ஆளையே சாச்சா, ரத்தத்துல தைராய்டைத் தாக்குற ஆன்டிபாடி இருந்தா, யோசிப்போம். கர்ப்பமா இருந்தா மட்டும் மாசக்கணக்காக் காத்திருக்க மாட்டோம். அப்ப இந்த ஆறே அதிகம்.

— அந்தக் கடைசிக் கணக்குல இவளச் சேத்துக்குங்க!

— ஐயோ! எனக்கு நாப்பத்திநாலு வயசு டாக்டர். தீட்டு நின்னு ரெண்டு மாசம் ஆச்சு. நிக்கிற வயசுதானே. அசதி, குமட்டல், உடம்பு ஊதறது, எல்லாம் இந்தத் தைராய்டு பண்ற வேலை.

— ரெண்டு மாசமா? இத ஏம்மா மொதல்லயே சொல்லல?

— சொல்ல என்ன இருக்கு...

— நான் சொல்றேன். கருவாடு இல்லாம இவளுக்குச் சோறு எறங்காது. இப்ப என்னடான்னா, நாகப்பட்டினத்துக் கருவாடு விக்கிற மூஸா தெருமுனையில சைக்கிள் பெல்லடிச்சாலே கொல்லைக்கு ஓடுறா. வாந்தி எடுத்த சத்தத்துல ரயில்தான் வருதுன்னு நீடாமங்கலம் ரயில்வே கேட்டையே கேட்கீப்பர் சாத்திப்புட்டான்!

— அது எப்பவும் சாத்தித்தான் கெடக்கும் டாக்டர்.

— சிரிப்பு இருக்கட்டும்மா. இந்தாங்க, இந்தக் கார்டுல ஒரு யூரின் டெஸ்ட் பாத்துருவோம். ரெண்டு கோடு விழுந்தா கர்ப்பம்.

— வேணாம் டாக்டர்.

— ஏம்மா?

— எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணு தரிச்சுது. மூணாம் மாசம் கலைஞ்சு போச்சு. அதுக்குள்ள இவரு ஊரெல்லாம் மிட்டாய் குடுத்துட்டாரு. அப்புறம் நான்தான் வீடு வீடா இல்லன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். மறுபடியும் என்னால ஆகாது.

— அப்ப தைராய்டு பாத்தாங்களா?

— யாரு பாத்தா?

— அதனாலதான் கலைஞ்சுதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா இன்னைக்குப் பாக்காம விட்டா, அது என் தப்பு. போய்ட்டு வாங்கம்மா. பாத்ரூம் அந்தப் பக்கம்.

— சரி, போறேன். ஒண்ணும் இருக்காது பாருங்க.

— ஏன் அய்யா, உங்களுக்குக் கல்யாணமே லேட்டோ?

— அத ஏன் கேக்குறீங்க! மிராசுதார் வீட்டோட குத்தகைத் தகராறு, எங்கப்பா போட்ட கேஸு. சூரியன் வந்துச்சு, இலை வந்துச்சு, மறுபடி சூரியன், மறுபடி இலை. ஆட்சிதான் மாறுச்சு, கேஸு நவுறல. தீர்ப்பு வந்தாத்தான் தாலின்னு சபதம் போட்டேன். ஊரான் நெலத்தையெல்லாம் அளந்து குடுத்தவன், எனக்குத் தீர்ப்பு வந்தப்ப தலை நரைச்சு நின்னேன். ஆறு மா நெலம் இருக்கு. எனக்குப் பின்னால அதுல எறங்கி நிக்கத்தான் ஆளில்ல.

— அவ்வளவு தைரியமாப் பேசினீங்க, இப்ப ஏன் பாத்ரூம் கதவையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?

— ரெட்டைப் புள்ளயாவது, ரயில்வே கேட்டாவது! எனக்கு ஒண்ணும் தெரியாது டாக்டரம்மா. நான் எதையாவது அளந்துவிட்டாத்தான் அவ என்னைத் திட்டுவா. இல்லாட்டி அழுதுருவா.

— வந்துட்டாங்க. என்னம்மா, ஏன் அங்கேயே நின்னுட்டீங்க?

— தங்கம்? ஒரு கோடுதானே? போவுது விடு. நான் சும்மாதான் உளறினேன். வா, கருவாடு வாங்கிட்டு வீட்டுக்குப் போவோம்.

— கருவாட்டுப் பேச்ச எடுக்காதீங்க, கொமட்டுது. ரெண்டு கோடு விழுந்திருக்குங்க. டாக்டர்... அந்த மாத்திரைய எழுதிடுங்க.