ஒன்பதாம் தடத்தின் பன்னிரண்டு நிமிடங்கள்

ஸ்பெயின் தேசத்துக் கோர்தோபா நகரின் குறுகிய தெருக்களையும் குவாதல்கிவீர் ஆற்றின் நெடிய பாலத்தையும் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு கீறலும் படாமல் கடந்தவரே! சக்கரம் பிடித்த கையாலேயே சுரமும் வளர்த்தவரே! எங்கள் பேருந்துப் பணிமனையின் முதல் பெண் ஓட்டுநரே! பெருமதிப்பிற்குரிய காசில்தா மொந்தில்லா அம்மையே! நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், இந்த உணவுக்கூடத்தில் உங்களை நிற்க வைத்து இதைப் படிக்கும்போது எங்கள் குரல் சற்று இடறினால் பொறுத்தருளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டின் மார்ச் மாதம், தோளில் துணிப்பையோடு நீங்கள் உள்ளே வந்தீர்கள். பையில் மதிய உணவு இருக்கும் என்று எண்ணினோம். இருந்தது கிதார். வலக்கையில் மட்டும் உறை அணிந்து வண்டி ஓட்டினீர்கள். தந்தி மீட்டுவதற்காக வளர்த்த நகங்கள் ஒடியாமல் இருக்கவே அந்த உறை என்று அறிய எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

மலையடிவாரக் கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்புவதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஓய்வு. மற்றவர்கள் அதில் புகைத்தோம், பத்திரிகை புரட்டினோம், தூங்கினோம். நீங்களோ திருப்பக் குறிவிளக்கைப் போட்டு, அது டிக் டிக் என்று துடிக்கும் தாளத்திற்குச் சுர வரிசை பயின்றீர்கள். தடித்த தந்தியில் தொடங்கி மெல்லிய தந்திவரை ஏறுவீர்கள். ஏறிய படிகளிலேயே இறங்குவீர்கள். சுட்டுவிரலும் நடுவிரலும் முந்தாமல் பிந்தாமல் மாறி மாறி நடக்கும். ஒரு சுரம் மங்கினாலும் முதலிலிருந்து மறுபடி. காத்திருந்த பயணிகள் கதவைத் தட்டாமல் நின்று கேட்டார்கள்.

ஆனால் பாட்டு? ஒன்றுகூட இல்லை.

பழுது பார்க்கும் பிராவுலியோ பணிமனை முழுக்கக் கேட்கும்படி உங்களைச் சீண்டியது நினைவிருக்கிறதா? "ஏம்மா காசில்தா, வாரத்துக்கு ஒரு பல்பு எரிஞ்சு போகுது. சரி, போகட்டும். ஏணியில ஏறுறே, இறங்குறே, ஏறுறே, இறங்குறே. மாடிக்கு எப்பத்தான்மா போவே?"

நீங்கள் சிரிக்கவில்லை. "எங்க அக்கா வந்ததும் போவேன்" என்றீர்கள்.

அப்படித்தான் அவுரேலியாவை அறிந்தோம். வீட்டில் பெண்கள் இருவர், கிதார் ஒன்று. எழுபத்து மூன்றாம் ஆண்டில் அவுரேலியா சுவிட்சர்லாந்தில் ஒரு விடுதிச் சலவைக்கூடத்தில் வேலைக்குப் போனார். ரயில் நிலையத்தில் கிதாரைத் தங்கையின் கையில் திணித்து, "நான் வர்றதுக்குள்ள வரிசையெல்லாம் பழகி வைடீ. பாட்டை மட்டும் நான் இல்லாம ஆரம்பிச்சே, கொன்னுடுவேன்!" என்றாராம். அடுத்த கோடையில் வருவதாக ஏற்பாடு. அடுத்த கோடையில் அவருக்குத் திருமணம். பிறகு பிள்ளைகள், பிறகு கணவரின் நோய். கோடைகள் போயின, கடிதங்கள் வந்தன, நீங்கள் பத்தொன்பது வயதில் கொடுத்த வாக்கைக் கட்டிக்கொண்டு வரிசையிலேயே நின்றீர்கள். பிராவுலியோ தம் மகள் திருமணத்தில் ஒரே ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிக் கெஞ்சினார். மறுத்தீர்கள். அவர் ஓராண்டு உங்களோடு பேசவில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு அக்டோபரில் அவுரேலியா வந்தார். பயணச்சீட்டுப் பரிசோதகனாக நான், எலாடியோ, அன்று உங்கள் வண்டியில் இருந்தேன். நரைத்த தலையும் சாம்பல்நிற மேலங்கியுமாக முன்னிருக்கையில் அமர்ந்து, மாறிப்போன தெருக்களை அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி நிறுத்தத்தில் நீங்கள் கிதாரை எடுத்தீர்கள். அத்தனை ஆண்டுப் பயிற்சியையும் அந்தச் சில நிமிடங்களில் கொட்டினீர்கள். அத்தகைய தெளிவை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"நல்லாருக்குடீ" என்றார் அவுரேலியா. "இது என்ன பாட்டு?"

"பாட்டு இல்லக்கா. வரிசை."

"ஓ... வேலைக்கு நடுவுல இதெல்லாம் எதுக்குடீ?"

நீங்கள் கிதாரைப் பையில் வைத்து, விளக்கை அணைத்து, வண்டியைக் கிளப்பினீர்கள். இரண்டு நிமிடம் முன்னதாக! உங்கள் பணிக்காலத்திலேயே நேரம் தவறிய புறப்பாடு அது ஒன்றுதான். பரிசோதகன் அதைக் குறிக்கவில்லை. இன்று சபையறியச் சொல்கிறேன்.

ஒன்பது நாள் தங்கி அவர் திரும்பிப் போனார். மூன்று வாரம் துணிப்பை வரவில்லை. வண்டியில் ஏறியவர்களெல்லாம், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார்கள். நான்காம் வாரம் பை வந்தது, வரிசையும் வந்தது. இன்னும் எதற்கு என்று கேட்க எனக்குத்தான் துணிவு வந்தது.

"அவளுக்காகத்தான் வாசிக்கிறேன்னு நெனச்சிருந்தேன், எலாடியோ" என்றீர்கள். "மூணு வாரம் தொடாம இருந்தேனா, விரலெல்லாம் தவிச்சுப் போச்சு. ஏக்கம் இதுக்குத்தான்னு அப்பத்தான் தெரிஞ்சுது." பிறகு, "கொஞ்சம் அவளுக்கும்தான்" என்றீர்கள்.

பொறுமையின் பெட்டகமே! பொய்யாத நேரத்தின் காவலரே! இந்த ஆண்டு ஜனவரியில், இதே உணவுக்கூடத்தில், சல்மோரேஹோ தக்காளிக் கூழ்க் கிண்ணத்தில் கரண்டி அப்படியே நிற்க, முந்தின நாள் தொலைபேசிச் செய்தியை எங்களுக்குச் சொன்னீர்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் தனியாக இருக்கும் அவுரேலியா திடீரென்று கேட்டிருக்கிறார்: "சின்னவளே, நாம ரெண்டு பேரும் சேர்ந்து என்னமோ வாசிக்கிறதா இருந்தோமில்ல?" நீங்கள் வாய்திறக்குமுன் அவரே தொடர்ந்திருக்கிறார்: "கடைவீதியில ஒரு கிதார் வாங்கிட்டேன்டீ. 'டோ' சுரம் எங்க இருக்குன்னே மறந்துபோச்சு. வந்து காட்டுறியா?"

நாற்பத்தாறு ஆண்டுகள்! நீங்கள் அழுதீர்கள். "இனிமே அவ வரிசை பழகி முடிக்கவே எனக்கு எழுபது ஆயிடும்" என்று சிரிக்கவும் செய்தீர்கள். பிராவுலியோ எழுந்து வெளியே போய்விட்டார். அவர் கண்ணில் தூசி விழுந்ததாம்.

பாசத்திற்குரிய காசில்தா அம்மையே! உங்கள் கரங்களுக்கு வலிவும், கண்களுக்குத் தெளிவும், அக்கையாருக்கு நல்லுடலும், இருவருக்கும் நீண்ட நாளும் வாய்க்க வேண்டுகிறோம். அவர் விரல் தடுமாறும்போது கோபிக்காதீர்கள். நீங்கள் இல்லாத தடத்தில் வண்டிகள் ஓடும். கேட்டுப் பழகிய எங்கள் காதுகளுக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

லோசானுக்கு ரயில் சீட்டு இம்மடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. திரும்பி வரும் சீட்டும் உண்டு; அதில் தேதி போடச் சொல்லவில்லை. அதை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆனால் நிரப்புங்கள்.

உங்கள் வரவை நோக்கியிருக்கும்,
பரிசோதகன் எலாடியோ கரஸ்கில்யா,
பழுது பார்க்கும் பிராவுலியோ,
மற்றும் ஒன்பதாம் தடத்து ஓட்டுநர்கள், பணியாளர்கள் அனைவரும்.
கோர்தோபா, ஜூன் 2019