ஓடிப்போனவர்கள் இருபத்தைந்து பேர்

என் கையெழுத்து சின்ன வயதிலிருந்தே தெளிவாக இருக்கும். அதனால் இந்த வாக்குமூலத்தைக் குமாஸ்தாவிடம் சொல்லாமல் நானே எழுதித் தருகிறேன், ஐயா.

நேற்று திருமயம் தாலுகா கச்சேரியில் உங்கள் மேசைமேல் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில்பாதையில் எங்கள் பக்கத்து ஆட்கள் பதின்மூன்று பேர் செத்தார்கள், இருபத்தைந்து பேர் ஓடிப்போனார்கள் என்றது சர்க்கார் பட்டியல். முப்பத்தெட்டுப் பேரும் செத்தார்கள் என்றது பெண்கள் கைநாட்டு வைத்த மனு. சர்க்கார் பட்டியலுக்கு மூலம் நான் எழுதியது என்பதால், எது சரி என்று என்னைக் கேட்டீர்கள்.

அப்போது கைநாட்டு வைத்தவர்களில் ஒருத்தியான செவந்தி முன்னால் வந்தாள். "ஒம் புருசன் சயாம்ல எளநி வித்துக்கிட்டு பிள்ளகுட்டியோட இருப்பான். ஒனக்கு எதுக்கு ஆத்தா மனு?" என்றார் உங்கள் குமாஸ்தா. நாலு பேர் சிரித்தார்கள். ஒன்பது வருடமாகக் கேட்ட பேச்சு, அவளுக்குக் கோபம் வரவில்லை.

"இருக்காகன்னா இருக்காகன்னு சொல்லுங்க. இல்லேன்னா தாலியக் கழட்டிப்புட்டு ஒரு பொழுது அழுதுட்டுப் போறேன். ரெண்டுமில்லாம எப்புடிங்க இருக்கிறது?"

நீங்கள் புருசன் பெயரைக் கேட்டீர்கள். எங்கள் பக்கம் பெண்கள் அதை வாயால் சொல்வதில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "வீரய்யாண்ணே, நீங்க சொல்லுங்களேன்" என்றாள்.

சேவுகன் என்று சொன்னேன். ஒன்பது வருடத்தில் அந்தப் பெயரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு மற்றதையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மலாயாத் தோட்டத்திலிருந்து எங்களைச் சரக்கு ரயிலில் ஏற்றியபோது ஐம்பத்திரண்டு பேர். எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன், அதனால் முகாம் கணக்கை என்னிடம் கொடுத்தார்கள். வேலை செய்கிறவனுக்கு நாளைக்கு ஒரு பால் டின் அரிசி. சீக்காளிக்கு அரை டின். செத்தவனுக்கு இல்லை. பாதையில் விழுந்து செத்தவனை ஜப்பான்காரன் பார்த்துவிடுவான், செத்தான் என்று எழுதியே ஆக வேண்டும். வாந்திபேதிக்காரர்களைப் போட்ட ஆற்றங்கரைக் கொட்டகைப் பக்கம் மட்டும் அவன் பயந்து வர மாட்டான். அங்கே எத்தனை உயிர் என்பது நான் எழுதுவதுதான்.

முதலில் அங்கே செத்த ஒருவனைப் பத்து நாள் சீக்காளியாகவே எழுதினேன். அவனுடைய அரை டின்னை எல்லாரும் கஞ்சியில் போட்டுக் குடித்தோம். செத்தவனுக்குப் பசிக்காது.

என் தம்பி தங்கமுத்து எலும்பாகிக்கொண்டிருந்தான். அவனைத் திருப்பிக் கொண்டுவருவேன் என்று ஆத்தாளிடம் சத்தியம் செய்திருந்தேன். வேலைக்குப் போகிறவன் தன் அரிசியைத் தானே தின்றுவிடுவான். கொட்டகைக்காரன் அரிசி என் கைக்கு வரும். ஆகவே சாதாரண வயிற்றுப்போக்கு என்றவனையும் கொட்டகைக்கு எழுதினேன். உள்ளே போனால் இரண்டு நாளில் நிஜமாகவே வாந்திபேதி வந்துவிடும். நான் யாரையும் கையால் தொட்டதில்லை.

சேவுகன் மட்டும் பிழைத்து எழுந்தான். ஒரு காலையில் மூங்கில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"மச்சான், கொணமாயிட்டேன். உள்ளாற நான் ஒருத்தந்தான் மூச்சு விடுறேன், நீ இருபத்தஞ்சுன்னு எழுதுறியாமே. மத்தவனுக்கெல்லாம் நீதான் மூச்சு விடுறியா?"

எப்போதும் கேலிக்காரன். அவன் வெளியே வந்தால் பேசுவான். பேசினால் அரிசி நின்றுவிடும்.

"போய்ப் படு மாப்ளே. கணக்குல நீ இன்னும் கொணமாகல" என்றேன்.

அதையும் அவன் கேலி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். நான் வாசல் படலை இழுத்து வெளிப்பக்கம் கட்டினேன். மூன்று நாள் கூப்பிட்டான். முதலில் மச்சான் என்று, பிறகு தண்ணி என்று. அவனுடைய அரை டின் வந்துகொண்டுதான் இருந்தது.

அந்தச் சத்தம் தம்பிக்கும் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு நான் கஞ்சி நீட்டினால், "இது யாரு கஞ்சிண்ணே?" என்பான். பதில் சொல்ல மாட்டேன், அவனும் வாங்க மாட்டான். வேளைக்கு வேளை அதையே கேட்டான். பதினொன்றாம் நாள் கேட்கவில்லை.

சண்டை முடிந்ததும் வெள்ளைக்கார அதிகாரி பட்டியல் கேட்டார். அரிசிக் கணக்கில் கடைசிவரை உயிரோடு இருந்தவர்களைச் செத்ததாக எப்படி எழுதுவது? இருபத்தைந்து பேரும் ஓடிப்போனார்கள் என்று எழுதினேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்.

முப்பத்தெட்டுதான் சரி, ஐயா. செவந்தியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அண்ணன் என்று கூப்பிடுகிறவள், நான் சொன்னால் தாங்க மாட்டாள்.

மற்ற வரிகளை எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள். செத்தவர்களில் பதின்மூன்றாவது வரியை மட்டும் தொட வேண்டாம். 'தங்கமுத்து, காய்ச்சலால் மரணம்.' அதை நான் நிதானமாக யோசித்து எழுதினேன். அதில் பிழை எதுவும் இல்லை.